சர்க்கரைவள்ளிப் பையில் ஆமை வண்டு: மூன்று டப்பா, ஒரு தாம்பாளம்

மாடியில் மூன்று வளர்ப்புப் பைகளில் சர்க்கரைவள்ளிக் கொடி போட்டிருந்தேன். ஆவணிக் கடைசியில் நட்டது. பொங்கலுக்குக் கிழங்கு எடுத்துவிடலாம் என்று கணக்கு. அக்டோபர் நடுவில் பார்த்தால் இலையெல்லாம் ஓட்டை. ஓரத்திலிருந்து கடித்த ஓட்டை இல்லை. இலையின் நடுவே, ஃபைலில் கோக்கும் தாளுக்குப் பஞ்ச் அடித்தது போலச் சின்னச் சின்ன வட்டங்கள். நத்தை வேலை என்று நினைத்து இரவு டார்ச் அடித்துத் தேடினேன். ஒரு நத்தையும் இல்லை. மறுநாள் காலை இலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் ஆள் அகப்பட்டது.

ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். நடுவில் பச்சையும் பொன்னும் கலந்த குமிழ். குமிழைச் சுற்றிக் கறுப்புக் கோடு, அதன் நடுவே நெடுக இன்னொரு கறுப்புக் கோடு. இதற்கெல்லாம் வெளியே கண்ணாடித் தகடு வைத்தது போல ஓர் ஓரம்; அதன் வழியாக இலையின் நரம்பு தெரிகிறது. தலை எங்கே, கால் எங்கே என்று மேலிருந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. எல்லாம் அந்தத் தகட்டுக்கு அடியில். ஆமை வண்டு என்ற பெயர் இதனால்தான். சின்ன வயதில் தீப்பெட்டியில் கருவேல இலை போட்டு வளர்த்த பொன்வண்டு வேறு குடும்பம், இது வேறு. இது இலை வண்டுக் குடும்பம். ஆமை வண்டுகளில் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 3,000 வகை உண்டு. என் மாடிக்கு வந்ததன் விலங்கியல் பெயர் காசிடா சர்க்கம்டேட்டா. சர்க்கரைவள்ளியும் அதன் சொந்தக்காரக் கொடிகளும்தான் இதற்குச் சாப்பாடு.

நகத்தால் நெம்பி எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. முதுகு ஓட்டினை இலையோடு பதித்து அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்னும் அழுத்தினால் இலை கிழியும்போல இருந்தது. விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் தானாக ஓட்டினைத் தூக்கி, கொம்பு இரண்டையும் நீட்டி நடக்கிறது. அப்போது ஒரு அட்டையை அடியில் செருகினால் எளிதாக வந்துவிடும். பிடிக்க வேண்டும் என்றால் அதுதான் வழி, மல்லுக்கட்டக் கூடாது.

இந்தப் பிடி எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஃப்ளோரிடாவில் ஒரு வகைக் குட்டைப் பனையில் வாழும் நீல ஆமை வண்டு ஒன்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னரும் டேனியல் அனெஷான்ஸ்லியும் 2000-ல் எழுதிய கட்டுரைப்படி, அதன் ஆறு பாதங்களிலும் சேர்த்து சுமார் 60,000 நுண்மயிர்கள். நடக்கும்போது சிலவற்றை மட்டும் தரையில் வைக்கும். எறும்பு வந்தால் அத்தனையையும் ஒரே சமயத்தில் ஊன்றிவிடும். மயிர் நுனியில் எண்ணெய்ப் பசை வேறு. தன் எடையைப் போல் 60 மடங்கு இழுவிசையை இரண்டு நிமிடம் தாங்குகிறதாம். என் நகம் தோற்றதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மருந்து அடிக்கலாமா என்று யோசித்தேன். வேப்பெண்ணெய் வீட்டில் இருந்தது. ஆனால் அதற்குள் இலையடியில் வேறொன்று கண்ணில் பட்டுவிட்டது: ஒரு சிறு அழுக்கு உருண்டை நகர்ந்து போனது. கிளிப் லென்ஸை மொபைலில் மாட்டிப் பார்த்தால், உடம்பைச் சுற்றி முள் முளைத்த, தட்டையான பச்சைப் புழு. அதன் வால் முதுகுக்கு மேல் மடங்கி, குடை மாதிரி ஒரு கறுத்த பொதியைத் தூக்கிப் பிடித்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என்னடா இது, தன் ஆயத் தானே தூக்கிக்கிட்டு அலையுது!" என்றார்.

சரி, வளர்த்துப் பார்த்துவிடலாம் என்று வேப்பெண்ணெயை உள்ளே வைத்துவிட்டேன்.

முதல் டப்பா பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரியாணி பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஊசியால் பத்து ஓட்டை, அடியில் ஈர டிஷ்யூ பேப்பர், இரண்டு இலை, நான்கு புழு. இரண்டாம் நாளே மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்தது. மூன்றாம் நாள் இலை கொழகொழத்தது. நான்காம் நாள் நாலும் காலி. வெளியே ஐப்பசி மழை, உள்ளே ஈர பேப்பர். புழுவை ஆவியில் வேகவைத்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவதற்குப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். மூடிக்குப் பதில் கொசுவலைத் துண்டும் ரப்பர் பேண்டும். ஈர பேப்பருக்கு முழுக்கு. இலையை வாடாமல் வைக்க ஊசி மருந்துக் குப்பியில் தண்ணீர் ஊற்றி, கொடியின் நுனியை வெட்டிச் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்தேன். பஞ்சு முக்கியம், இல்லாவிட்டால் புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்துவிடும். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. சர்க்கரைவள்ளிக் கொடி தண்ணீரில் நின்றால் சில நாளிலேயே வேர் விட்டுவிடுகிறது. அப்புறம் இலை வாடுவது என்ற பேச்சே இல்லை. குப்பித் தண்ணீரை மாற்றினால் போதும்.

ஒன்பது புழு விட்டேன். நான்கு நாள் நன்றாகப் போனது. ஐந்தாம் நாள்தான் அந்தப் புத்திசாலித்தனம் தோன்றியது. முன்பு கறிவேப்பிலைச் செடியிலிருந்து பட்டாம்பூச்சிப் புழு எடுத்து வளர்த்த அனுபவம் உண்டு. அதில் முதல் பாடமே தினமும் எச்சத்தை அப்புறப்படுத்துவது. விட்டால் பூசணம் பிடித்து நோய் வரும். அந்தப் பழக்கத்தில், நனைத்த வாட்டர்கலர் பிரஷ்ஷை எடுத்து ஒன்பது புழுவின் முதுகுப் பொதியையும் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சுத்தம் செய்தேன். அரை மணி நேர வேலை. முடித்ததும் பளிச்சென்று பச்சையாக, பார்க்கவே லட்சணமாக இருந்தன. போட்டோ கூட எடுத்தேன்.

மறுநாள் காலை பாட்டிலுக்குள் சிவப்புச் சிற்றெறும்புச் சாரை. கொசுவலைக் கண்ணி கொசுவைத்தான் தடுக்கும், சிற்றெறும்பை இல்லை. ஒன்பதில் இரண்டு மிச்சம். அவையும் பிழைக்கவில்லை.

எறும்புக்கு அம்மாவிடம் ஒரே வைத்தியம்தான்: தண்ணீர்த் தட்டு. குழம்புச் சட்டியையும் மைசூர்பாகு டப்பாவையும் காப்பாற்றிய அதே முறை. எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றைக் கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பாட்டிலை வைத்தேன். கொசுவலையை எடுத்துவிட்டுப் பழைய வேட்டித் துணி கட்டினேன். காற்று போகும், எறும்பு போகாது. "ரெண்டு நாள்ல குடுத்துடு" என்றுதான் தாம்பாளத்தைக் கொடுத்தார்.

புதுப் புழுக்களோடு இந்த மூன்றாவது டப்பா நின்றது. இனிமேல் வருவதெல்லாம் அதில் பார்த்தவை.

புழுவின் வால்நுனியில் கவட்டை ஒன்று இருக்கிறது. உண்டிவில் கவட்டை போலவே இரண்டு கொம்பு. அதை முன்பக்கமாக மடித்து முதுகுக்கு மேலே பிடித்துக்கொள்கிறது. ஆசனவாய் ஒரு சின்னக் குழாய் மாதிரி நீளும். நீட்டி, வளைத்து, எச்சத்தைக் கொண்டுபோய்க் கவட்டையின்மேல் பூசுகிறது. லென்ஸில் இதைப் பார்த்தபோது சுவருக்குச் சிமெண்டு பூசும் கொத்தனார் ஞாபகம்தான் வந்தது. பூச்சுக்கு உள்ளே கம்பி கட்டுவதற்கு இன்னொன்று வைத்திருக்கிறது: தான் உரித்த சட்டை. ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் பழைய தோலைப் பின்னால் தள்ளிக் கவட்டையில் மாட்டிவிடும், கழற்றிப் போடுவதில்லை. முதலில் உரித்த மிகச் சின்னத் தோல் கவட்டையின் நுனிக்குப் போய்விடும். அடுத்தடுத்தவை அதற்குக் கீழே பெரிதாகிக்கொண்டே வரும்.

இது தெரிந்தபின் புழுவுக்கு வயது சொல்வது எளிது. பொதியில் எத்தனை தோல் என்று எண்ணி, ஒன்று கூட்டினால் எந்தப் பருவம் என்று வந்துவிடும். நான்கு தோல் மாட்டியிருந்தால் கடைசியான ஐந்தாம் பருவம். எச்சம் மூடியிருப்பதால் எண்ணுவது சில நேரம் கஷ்டம். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் முள்வரிசை தெரியும்.

பிரஷ்ஷின் ஒற்றை மயிரால் புழுவின் இடப்பக்கம் தொட்டேன். பொதி இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் தொட்டால் வலப்பக்கம். தலைக்கு முன்னால் தொட்டால் பொதியை முன்னால் கவிழ்த்து அடிக்கிறது. கேடயம் என்பது வெறும் உவமை இல்லை. போர்வீரன் போலத் தாக்கு வரும் திசைக்கு நீட்டுகிறது. ஐரோப்பாவில் முட்செடியைத் தின்னும் காசிடா ருபிஜினோசா என்ற உறவுக்கார வண்டின் புழுவை வைத்து, இது எறும்பைத் தடுக்கும் கேடயம் என்று 1967-லேயே காட்டியிருக்கிறார்கள். செய்தவர்களில் ஒருவர் முன்னே சொன்ன அதே ஐஸ்னர். மனிதர் வாழ்நாள் முழுக்கப் பூச்சிகளின் தற்காப்பையே நோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போதுதான் இரண்டாவது டப்பாவின் ஒன்பது புழு உறுத்த ஆரம்பித்தன. எறும்பு நுழைந்தது கொசுவலையின் குற்றமா, நான் சுத்தம் செய்ததன் குற்றமா? மூன்று புழுவின் பொதியை மட்டும் நீக்கி, மூன்றை அப்படியே விட்டு, ஆறையும் ஒரே இலையில் வைத்து, கைப்பிடிச் சுவரில் எறும்புச் சாரை போகும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பொதி இல்லாத முதல் புழுவை ஐந்து நிமிடத்துக்குள் ஓர் எறும்பு கவ்வியது. பொதி உள்ளதிடம் வந்த எறும்பு, பொதி மேலே பட்டதும் பின்வாங்கி, நின்று, கொம்பைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் போயிற்று. இரண்டு முறை இப்படி நடந்தது. அதற்கு மேல் பார்க்க மனம் வரவில்லை. மிச்சம் ஐந்தையும் எடுத்துக்கொண்டேன். அம்மா வேறு, "பாவம்டா, அதுக்கு இருக்கிறதே அந்த ஒரு துணி, அதையும் உருவிட்டியே" என்று ஆரம்பித்துவிட்டார். ஆறு புழுவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் பிரஷ்ஷை அன்றோடு பெட்டியில் போட்டுவிட்டேன்.

பொதி இழந்த புழுக்கள் சும்மா இருக்கவில்லை. மறுநாள் மாலைக்குள் புது எச்சத்தால் கவட்டையை மெழுகத் தொடங்கிவிட்டன. போன தோல்கள் போனதுதான். அடுத்த சட்டை உரிக்கும்வரை வெறும் பூச்சு. அதனால் இவற்றின் பொதி மற்றவற்றைப் போல விறைப்பாக நிற்காமல் தொங்கிக்கொண்டு இருந்தது.

டப்பாவின் அடியில் விழும் தூசியை மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை தட்டினேன். புழுவின் மேல் கை வைக்கவில்லை. நோய் ஒன்றும் வரவில்லை.

முட்டை விஷயத்திலும் சுத்தம் செய்யும் ஆசை ஒருமுறை வந்தது. பெண் வண்டு இலையடியில் ஒன்றிரண்டாக இடுகிறது, மேலே மெல்லிய சவ்வு மூடி. அழுக்குப் படிந்த முட்டை ஒன்றைக் கழுவலாமா என்று நினைத்து, நல்லவேளையாகக் கொஞ்சம் படித்துவிட்டு விட்டுவிட்டேன். மேலே சொன்ன ஐரோப்பிய வண்டின் வயிற்றில் ஸ்டாமெரா என்று ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. இலையின் செல் சுவரில் உள்ள பெக்டினை உடைக்கும் நொதியை வண்டுக்கு அதுதான் செய்து தருகிறது. தாய் வண்டு ஒவ்வொரு முட்டையின் தலையிலும் இந்தப் பாக்டீரியா அடங்கிய சிறு தொப்பியை வைத்து இடுகிறது. குஞ்சுப் புழு வெளியே வரும்போது அதைத் தின்று குடும்பச் சொத்தைப் பெற்றுக்கொள்கிறது. தொப்பியை நீக்கிப் பார்த்தபோது புழுக்களில் பிழைத்தவை வெகு குறைவு. ஹசன் சாலமும் கூட்டாளிகளும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இது. அந்தப் பாக்டீரியாவின் மரபுத்தொகை, அதாவது மொத்த டி.என்.ஏ., வெறும் 2,70,000 எழுத்துச் சொச்சம்தான். தேவையில்லாததை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டது. வண்டோ உரித்த சட்டையைக்கூட விடுவதில்லை. நல்ல ஜோடி.

பனாமாவில் உள்ள செலிமார்ஃபா என்னும் ஆமை வண்டின் கதை இதைவிட விசித்திரம். அதன் கூட்டுப்புழுவின்மேல் வெள்ளைப் பூசணம் படர்ந்திருக்கும். வேறு யார் வளர்த்தாலும் நோய் என்று தூக்கி எறிந்திருப்பார்கள், நானும்தான். அது செடிகளுக்கு வாடல் நோய் தரும் ஃபியுசேரியம். கூட்டுப்புழுவை எறும்பிடமிருந்து அது காக்கிறது. பதிலுக்கு வண்டு பூசணத்தைச் சுமந்து அடுத்த செடிக்குக் கொண்டு சேர்க்கிறது. 2022-ல் கண்டறிந்தார்கள். என் டப்பாவில் இப்படி எதுவும் இல்லை.

கூட்டுப்புழு ஆகும்போது புழு இலையில் வால்பக்கத்தைப் பசையிட்டு ஒட்டிக்கொண்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, தோலை உரிக்கிறது. நூல்கூடு எதுவும் கட்டுவதில்லை. தொட்டால் முன்பக்கம் எழும்பிப் பொத்தென்று விழும், பெட்டி மூடி மாதிரி. ஐந்தாறு நாளில் வண்டு. என் கணக்கில் முட்டை முதல் வண்டு வரை நாலு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. மழை விட்டு வெயில் அடித்த வாரங்களில் இன்னும் சீக்கிரம்.

பதினான்கு கூட்டுப்புழுவில் மூன்றிலிருந்து வண்டு வரவில்லை. கறுத்துப்போய், பக்கத்தில் குண்டூசி குத்தியது போல ஓட்டை. வேட்டித் துணியின் உட்புறத்தில் எள்ளைவிடச் சின்னதாகக் கறுப்புக் குளவிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒட்டுண்ணிக் குளவி. மாடியிலிருந்து புழுவைக் கொண்டுவரும்போதே உள்ளே குடியேறியிருந்திருக்கும். எறும்பைத் தடுத்த பொதி இதைத் தடுக்கவில்லை. குளவிகளையும் மாடியில் திறந்துவிட்டேன்; இலை ஓட்டைக்கு வேப்பெண்ணெயைவிட இவை நல்ல மருந்து.

பொன்னைப் பற்றி ஒன்று. கூட்டுப்புழுவிலிருந்து வந்த அன்று வண்டில் மினுமினுப்பே இல்லை. வெளுத்துப்போன மஞ்சள். ஏதோ கோளாறு, என் வளர்ப்பில்தான் சத்துக் குறைவு என்று நினைத்தேன். பொறுத்திருந்தால் ஓடு இறுகி, நாட்கள் போகப்போகப் பொன் தானாக ஏறுகிறது. செத்தால் இறங்கிவிடுகிறது. பாட்டிலில் இறந்த ஒரு வண்டை நினைவுக்கு எடுத்துவைத்தேன்; இரண்டு நாளில் பழுப்பாகிவிட்டது. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். முழுதாக இல்லை, ஓரளவு மினுமினுப்பு திரும்பி வந்தது. காய்ந்ததும் மறுபடி போய்விட்டது.

இதன் பின்னால் உள்ள வேலை சாயம் இல்லை, அடுக்கு. ஓட்டுக்குள் மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றின் நுண்ணிய இடைவெளிகளில் நீர் நிறைந்திருக்கும்போது அடுக்கு முழுதும் சீராகி, வெளிச்சத்தைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது. நீர் போனால் அடுக்கு கலைந்து அடியில் உள்ள நிறம் தெரியும். பெல்ஜியத்தில் ஜான் போல் விக்னெரான் குழு 2007-ல் பனாமாவின் கரிடோடெல்லா எக்ரீஜியா வண்டில் இதைக் காட்டியது. அந்த வண்டு உயிரோடு இருக்கும்போதே, தொந்தரவு செய்தால் இரண்டு நிமிடத்துக்குள் பொன்னை இறக்கிச் சிவப்பாகிவிடும். என் வண்டுகளை எவ்வளவு சீண்டியும் சிவக்கவில்லை. ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன, அவ்வளவுதான்.

நடுவே ஒரு ஞாயிறு அரசலாற்றுக் கரைக்குப் போனேன். கரை நெடுக நெய்வேலி காட்டாமணக்கு. பெயர்தான் ஆமணக்கு, பூவைப் பார்த்தாலே இதுவும் சர்க்கரைவள்ளியின் உறவு என்று தெரிந்துவிடும். அதில் இதன் பெரியண்ணன் இருந்தது: ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், மஞ்சள் ஓட்டில் கறுப்புப் புள்ளிகள். ஆஸ்பிடிமார்ஃபா மிலியாரிஸ். இது ஒன்றிரண்டாக முட்டை இடுவதில்லை. காகிதம் போன்ற பழுப்பு உறைக்குள் பல பத்து முட்டைகளை அடுக்கி ஒட்டிவிடுகிறது. புழுக்கள் கூட்டமாக ஒரே இலையில் தோளோடு தோள் உரசி மேய்கின்றன. ஓர் இலையை எடுத்துவந்து வளர்க்கலாம் என்று ஆசைதான். ஆனால் தினமும் ஒரு கூடைத் தழை கேட்கும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்து குளம் கால்வாயை எல்லாம் அடைத்த அந்தச் செடியை அதுவாவது தின்னட்டும்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு பையைக் கவிழ்த்தோம். இலையில் முக்கால்வாசி சல்லடை, ஆனாலும் கிழங்கில் குறை இல்லை. மூன்று பைக்கும் சேர்த்து நாலரைக் கிலோ. சர்க்கரைவள்ளிக்கு உண்மையான எதிரி கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுதான். ஆமை வண்டு இலையோடு நின்றுவிடும். கொடியை அறுத்துக் குப்பையில் போடப் போனபோது இலையடியில் நாலைந்து புது முட்டைகள். அந்தக் கொடியை மட்டும் வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்திவைத்திருக்கிறேன். வேர் விட்டதும் புதுப் பையில் நட வேண்டும்.

கிழங்கு வேகவைத்தாயிற்று. பொங்கலன்று படைக்கத் தாம்பாளம் வேண்டுமாம், பாட்டிலை இறக்கச் சொல்லி அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார். தண்ணீர் நிற்கிற மாதிரி வேறு ஒரு தட்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.